முறுக்கை அளந்த பிறகே குண்டு: பழைய வாய்வழி ரைபிள் கைக்கு வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள கடற்கரை ஊர்களில், தாத்தா பெயரில் உரிமம் வாங்கிய பழைய துப்பாக்கி இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. குழல் வாய் வழியாகக் கருமருந்தையும் ஈயத்தையும் கெட்டிக்கிற வகை அது. அவற்றில் குழலுக்குள் சுருள் வரி வெட்டிய ஒன்று, அதாவது ரைபிள், உங்களிடம் வந்து சேர்ந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எந்தக் குண்டு போடலாம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் கிடைக்கும். நான் விசாரித்த ஒரு கடையில் கனமான குண்டுதான் நேராகப் போகும் என்றார்கள். இன்னொரு கடையில் உருண்டையைத் தவிர வேறெதையும் தொடாதே என்றார்கள். இரண்டு இடத்திலும் குழலைக் கையில் வாங்கிப் பார்க்கவில்லை. பார்க்காமல் சொல்லும் எந்தப் பதிலுக்கும் மதிப்பில்லை. குழலுக்குள் வரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான் முதல் கேள்வி. அதைத்தான் முறுக்கு என்கிறோம். அது தெரியாமல் ஈயத்துக்கும், உருண்டையைச் சுற்றிக் கெட்டிக்கும் துணிக்கும் செலவழிப்பது வீண். ஆனால் அதற்கும் முன்னால் காகித வேலை ஒன்று இருக்கிறது.

1. உரிமத்தைச் சரிசெய்யுங்கள்

உரிமதாரர் இறந்த பிறகு துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று இருப்பது குற்றம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி, தாமதமில்லாமல் அருகில் உள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். விற்பனையாளர் மாத வாடகை வாங்குவார். ஆனாலும் நான் அவரிடம் வைக்கத்தான் சொல்வேன். கடற்கரைக் காவல் நிலையத்தின் மூலையில் எண்ணெய் காணாமல் ஒரு மழைக்காலம் கிடந்தால், நீங்கள் அளக்கப்போகும் வரி துருவேறிப் போயிருக்கும். எங்கே வைத்தாலும் முதலில் துடைத்து, கிரீஸ் பூசி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் வாரிசுக்கு உரிமம் வழங்க வழி இருக்கிறது. உரிமதாரர் உயிரோடு இருக்கும்போதே, அவருக்கு 70 வயது ஆகியிருந்தாலோ, அந்தத் துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, வாரிசு ஒருவரை நியமித்து மாற்றித்தரலாம். தாத்தா நல்ல நிலையில் இருந்தால் இந்த வழிதான் எளிது. இறப்புக்குப் பிறகு என்றால் காகிதம் இரட்டிப்பாகும்.

தேவைப்படுபவை: ஏ-1 படிவத்தில் விண்ணப்பம், பழைய உரிமப் புத்தகத்தின் அசல், இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகள் எல்லோரும் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், ஆதார், முகவரிச் சான்று, புகைப்படங்கள், மருத்துவச் சான்றிதழ், ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ், துப்பாக்கியைப் பத்திரமாக வைப்பேன் என்ற உறுதிமொழி. வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய்தான் கட்டணம். காலம் தின்பது ஆட்சேபணை இல்லாக் கடிதம். ஒரு சித்தப்பா துபாயிலும் ஓர் அத்தை சென்னையிலும் இருந்தால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அந்தக் கையெழுத்துகளைத் தேடத் தொடங்குங்கள்.

விதிப்படி போலீஸ் அறிக்கைக்கு 30 நாள், அறிக்கை வந்த பிறகு முடிவெடுக்க 60 நாள். நடைமுறையில் இதற்கு மேலும் இழுக்கும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். இடையில் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் எல்லாம் அப்படியே நிற்கும். கையில் இருக்கிற துப்பாக்கியையும் ஸ்டேஷனில் கொண்டுபோய் வைக்கச் சொல்வார்கள். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. உரிமத்தின் ஆயுள் 5 ஆண்டு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய புத்தகங்களில் "எஸ்.பி.எம்.எல்." என்று மட்டும் எழுதியிருப்பார்கள். ஒற்றைக் குழல், வாய்வழி கெட்டிப்பது என்று அதற்குப் பொருள். வரி உண்டா இல்லையா என்பது அதில் இல்லை. வழுவழுப்பான குழலையும் வரிக்குழலையும் சட்டம் ஒன்றாக நடத்துவதில்லை. பயிர்ப் பாதுகாப்புக்கான வாய்வழித் துப்பாக்கிக்கு 13ஆம் பிரிவு காட்டும் தாராளம் ரைபிளுக்குத் தானாக வந்துவிடாது. ஆகவே கீழே 3ஆம் படியில் பார்ப்பதை விண்ணப்பத்திலேயே சரியாக எழுதச் சொல்லுங்கள். பின்னால் சோதனையில் வேறுபாடு தெரிந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

உரிமம் கையில் இருப்பதால் எங்கும் சுடலாம் என்று நினைக்காதீர்கள். மயில், மான், காட்டுப்பன்றி எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குள் வருபவை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை என்று ராமநாதபுரம் மாவட்டம் முழுக்கப் பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. தீவுகள் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் அடங்கும். உச்சிப்புளியில் கடற்படை விமானத்தளம், மண்டபத்தில் கடலோரக் காவல்படை. கடற்கரையில் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் யார் யார் வந்து நிற்பார்கள் என்று நீங்களே எண்ணிப்பாருங்கள். சுடுவதற்கு அனுமதி பெற்ற தளம் ஒன்றே இடம்.

2. குழல் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தனிப் படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வாய்வழித் துப்பாக்கியில் கெட்டித்த மருந்து பல ஆண்டு கழித்தும் வெடிக்கும். கெட்டித்தவர் இறந்துவிட்டார், யாருக்கும் தெரியாது.

குழல் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பிவைத்து, அதற்கு நேரே நிற்காமல், கெட்டிக்கும் கோலை மெதுவாக அடி வரை இறக்குங்கள். வாய் மட்டத்தில் கோலில் ஒரு குறி வையுங்கள். பிறகு கோலை வெளியே எடுத்துக் குழலின் மேலேயே கிடத்தி, அந்தக் குறி வாயோடு பொருந்தும்படி பிடியுங்கள். கோலின் நுனி நிப்பிள் (மருந்துக்குத் தீ கொடுக்கும் கேப்பைப் பொருத்தும் சிறு முளை) இருக்கும் இடம் வரை வந்தால் காலி. ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. மருந்தாக இருக்கலாம், குளவிக்கூடாகவும் இருக்கலாம். எதுவானாலும் நீங்கள் நோண்ட வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். கம்பியைக் காய்ச்சிக் குத்துவது, துளைக் கருவி விடுவது எல்லாம் கையை இழக்கும் வழி.

அங்கே போகும்போதே குழலின் உறுதியையும் பார்த்துத்தரச் சொல்லுங்கள். உள்ளே ஆழமான துருக்குழி, வெளியே வளையம்போல் ஒரு வீக்கம், தளர்ந்த நிப்பிள், இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் துப்பாக்கி சுவருக்குத்தான். மீதிப் படிகள் தேவையில்லை.

3. வரி இருக்கிறதா?

இந்தப் பக்கத்து நாட்டுத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை வழுவழுப்பான குழல்கள். டார்ச் வெளிச்சத்தில் வாய்க்குள் பாருங்கள். சுருண்டு போகும் மேடும் பள்ளமும் தெரிந்தால் ரைபிள். எதுவும் தெரியவில்லை என்றால் உடனே தீர்மானிக்க வேண்டாம். மருந்துக் கரி பள்ளத்தை நிரப்பியிருக்கலாம். நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் வழுவழுப்பாகவே இருந்தால் முறுக்கு என்ற கேள்வியே உங்களுக்கு இல்லை. நீளக் குண்டு அந்தக் குழலில் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு போகும்.

வரி இருந்தால் பள்ளங்களை எண்ணுங்கள். மூன்று, ஐந்து, ஏழு, எட்டு எல்லாம் வழக்கம்தான். எதிரெதிரே இரண்டே இரண்டு அகலமான பள்ளம் மட்டும் இருந்தால் அது பிரன்ஸ்விக் ரைபிள் வகையாக இருக்க வாய்ப்பு அதிகம். இடுப்பில் பட்டை உள்ள உருண்டை மட்டுமே அதற்குப் பொருந்தும். அப்படியென்றால் கீழே வரும் கணக்கைப் போட்டு மெனக்கெட வேண்டாம்.

4. முறுக்கை அளப்பது எப்படி

தேவையானவை: ஒரே துண்டாக உள்ள பித்தளை அல்லது எஃகுத் துடைப்புக் கோல், தானாகச் சுழலும் கைப்பிடி, இறுக்கமாகப் போகும் துணி, அளவு நாடா, ஒட்டுக் காகிதம். கைப்பிடி சுழலாத கோலில் அளந்தால் எண் பொய் சொல்லும். மூன்று துண்டாகத் திருகிச் சேர்க்கும் கோலும் வேண்டாம். சுழலும்போது திருகு கழன்று உங்களைக் குழப்பும், துணியையும் உள்ளேயே விட்டுவிடும்.

துணியை லேசாக எண்ணெயில் நனைத்துக் கோலின் நுனியில் சுற்றுங்கள். தள்ளும்போது கை கொஞ்சம் வலிக்க வேண்டும். அந்த அளவு இறுக்கம் இருந்தால்தான் துணி பள்ளத்தைப் பிடிக்கும். அடி வரை தள்ளிவிட்டு, வாய்க்கு அருகே கோலில் ஒட்டுக் காகிதத்தைக் கொடிபோல் மேலே நோக்கி ஒட்டுங்கள். வாய் மட்டத்தில் ஒரு கோடும் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது கைப்பிடியைச் சுழல விட்டபடி மெதுவாக வெளியே இழுங்கள். கொடி சாயத் தொடங்கும். அது சரியாகக் கால் சுற்று, அதாவது மேலே பார்த்தது பக்கவாட்டில் படுக்கை மட்டத்துக்கு வந்ததும் நிறுத்தி, கோடு எவ்வளவு வெளியே வந்திருக்கிறது என்று அளந்து நான்கால் பெருக்குங்கள். அரைச் சுற்று வரை இழுக்க இடமிருந்தால் அதை அளந்து இரண்டால் பெருக்குவது இன்னும் துல்லியம். பல பழைய குழல்களில் முழுச் சுற்றுக்கு வேண்டிய நீளம் குழலின் நீளத்தைவிட அதிகம். அதனால் முழுச் சுற்று வரவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

எடுத்துக்காட்டாக, கொடி கால் சுற்றுச் சுற்றும்போது கோடு பதினாறரை அங்குலம் வெளியே வந்தால் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று. அரைச் சுற்றுக்கு 24 அங்குலம் வந்தால் 48க்கு ஒன்று.

ஒரு தடவை அளந்ததை நம்பாதீர்கள். துணியை மாற்றித் திரும்ப அளங்கள். எண்கள் ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலத்துக்குள் வந்தால் போதும். 50, 61, 72 என்று தாறுமாறாக வந்தால் துணி வழுக்குகிறது; இன்னும் இறுக்கமாகச் சுற்றுங்கள். அப்படியும் சரிவராத குழலில் வரி தேய்ந்துபோயிருக்கும். அதற்கு எந்தக் குண்டும் உதவாது.

5. உள்விட்டமும் பள்ளத்தின் ஆழமும்

உரிமத்தில் எழுதியிருக்கும் போர் எண்ணை, அதாவது குழல் துளையின் அளவை, அப்படியே குண்டின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 0.577 என்ற பெயருள்ள பழைய குழல்கள் உண்மையில் 0.575 முதல் 0.580 வரையும், தேய்ந்தவை அதற்கு மேலும் இருக்கும்.

பழுதுபார்ப்பவரிடம் மென்மையான ஈய உருண்டை ஒன்றை வாய்க்குள் சிறிது தூரம் மட்டும் இறக்கி வெளியே எடுத்து அச்சுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மேட்டின் விட்டமும் பள்ளத்தின் விட்டமும் பதிந்திருக்கும். டிஜிட்டல் வெர்னியரால் அளக்கலாம். சாதாரணமான ஒன்று ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. பள்ளம் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் எதிரெதிரே வராது, வெர்னியரில் பிடிக்காது. அந்த வேலையை அவரிடமே விட்டுவிடுங்கள்.

ஆழமான பள்ளம், அதாவது 0.010 அங்குலம் அளவில், துணி சுற்றிய உருண்டைக்காக வெட்டியது. 0.003 முதல் 0.005 என்றால் நீளக் குண்டை நினைத்து வெட்டியது. முறுக்கு ஒரு பக்கமும் பள்ளம் இன்னொரு பக்கமும் கை காட்டினால் நான் முறுக்கின் பேச்சைத்தான் முதலில் கேட்பேன்.

6. எண்ணிலிருந்து குண்டுக்கு

பம்பரம் சுழலும்வரைதான் நிற்கும். நீளக் குண்டும் அப்படித்தான்: நீளம் கூடக்கூட, தலைகுப்புற விழாமல் இருக்க வேகமான சுழற்சி வேண்டும். எடையைப் பற்றி யார் என்ன சொன்னாலும், முறுக்கைத் தீர்மானிப்பது குண்டின் நீளம். ஒரே எடையில் குட்டையாகவும் குண்டு வார்க்கலாம், நெட்டையாகவும் வார்க்கலாம். குழல் இரண்டையும் ஒன்றாக நடத்தாது. கடையில் "எத்தனை கிரெயின்" என்று எடையைக் கேட்பார்கள். நீங்கள் "எத்தனை அங்குல நீளம்" என்று திருப்பிக் கேளுங்கள்.

உருண்டைக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. கவிழ்வதற்கு எதுவும் இல்லாததால் அதற்குக் கொஞ்சம் சுழற்சி போதும். வார்ப்பில் ஒரு பக்கம் கூடுதலாக விழுந்த கனத்தை எல்லாப் பக்கமும் பகிர்ந்துவிடுவதுதான் அந்தச் சுழற்சியின் வேலை. அதனால்தான் உருண்டைக்கான குழல்களில் 60 முதல் 72 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார்கள். விட்டம் பெருகப் பெருக இன்னும் மெதுவான முறுக்கே போதும். 0.625 அங்குல பேக்கர் ரைபிளில் 30 அங்குலக் குழலுக்குள் வரி கால் சுற்றுத்தான் சுற்றுகிறது. அதாவது 120க்கு ஒன்று. சிறிய 0.36 குழலில் 48 வழக்கம்.

நீளக் குண்டுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கிரீன்ஹில் என்ற கணித அறிஞர் 1879இல் பீரங்கிக் குண்டுகளுக்காகப் போட்டது; ஈயத்துக்கும் பொருந்துகிறது. விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி, அதை 150ஆல் பெருக்கி, உங்கள் முறுக்கால் வகுங்கள். எல்லாம் அங்குலத்தில். வருகிற விடை அந்தக் குழல் தாங்கும் குண்டின் நீளம். கருமருந்தின் வேகம் குறைவு என்பதால் நான் 125 வைத்தும் ஒரு முறை போடுவேன். 150இல் வருவது மேல் எல்லை; 125இல் வருவது நிம்மதியான நீளம்.

0.50 அங்குலக் குழலை எடுத்துக்கொள்வோம். விட்டத்தின் பெருக்கம் 0.25.

முறுக்கு 66 என்றால் மேல் எல்லை 0.57 அங்குலம். 0.49 உருண்டையைவிடச் சற்றே நீளம், அவ்வளவுதான். இந்தக் குழல் உருண்டையைத் தவிர வேறெதையும் ஏற்காது. கேட்டலாக்கில் எவ்வளவு அழகான கூம்புக் குண்டு இருந்தாலும் வாங்காதீர்கள்.

முறுக்கு 48 என்றால் 0.78, நிம்மதியான அளவு 0.65. இது இரண்டுங்கெட்டான் முறுக்கு. உருண்டையும் போகும், குட்டையான கூம்பும் போகும், இரண்டிலும் உச்சத்தைத் தொடாது. ஆனால் புதிதாக வருகிறவர்களுக்கு இது நல்ல குழல் என்பதே என் எண்ணம். மருந்தை மிதமாக வைத்தால் உருண்டை நன்றாகவே சுடும்.

முறுக்கு 32 என்றால் 1.17, நிம்மதியான அளவு 0.98. கூம்புக் குண்டுக்கான குழல். இதில் துணி சுற்றிய உருண்டையை மருந்தேற்றிச் சுட்டால் துணி வரியைப் பிடிக்க முடியாமல் வழுக்கிக்கொண்டு நேராகவே போய்விடும், உருண்டை சுழலாது. சுட்டே ஆக வேண்டுமென்றால் மருந்தைக் குறைக்க வேண்டும்.

20க்கு ஒன்று போன்ற வேகமான முறுக்கு, தொலைதூர இலக்குக்கான 0.451 வகைக் குழல்களில் வரும். விட்வொர்த் ரைபிள் அப்படித்தான். இந்தக் கணக்கில் ஒன்றரை அங்குல நீளம் வரை தாங்கும். நம் பக்கம் அபூர்வம்.

கணக்கை மீறுவதுபோல் தெரியும் ஒரு குண்டு உண்டு. 1853 மாதிரி என்ஃபீல்டு ரைபிள் 0.577 விட்டம், 78க்கு ஒரு சுற்று. கணக்குப் போட்டால் 0.64 அங்குலம்தான் வரும். ஆனால் அதற்கான 530 கிரெயின் குண்டு ஓர் அங்குலத்தைத் தாண்டும். அந்தக் குண்டின் அடி குழிவாக இருக்கும். கனமெல்லாம் முன்பக்கம் இருப்பதால் கொஞ்சச் சுழற்சியிலேயே முகம் திரும்பாமல் போகிறது. வெடிக்கும்போது குழிவின் ஓரம் விரிந்து வரியைப் பிடிக்கிறது. எனவே கணக்கு அடி தட்டையான குண்டுக்கு மட்டும். குழிவான அடி உள்ளதை அந்தந்தக் குழலுக்கென்று வடித்த மாதிரியிலேயே வாங்க வேண்டும். இதே என்ஃபீல்டின் 1858 கடற்படைக் குட்டை ரைபிளில் விட்டம் அதே 0.577, முறுக்கோ 48. போர் ஒன்றுதானே என்று ஒன்றுக்கான குண்டை மற்றொன்றுக்குச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டு, வாங்காமல் வந்துவிடுங்கள்.

விட்டத்தின் பொருத்தம் சுருக்கமாக: துணி சுற்றும் உருண்டை உள்விட்டத்தைவிட 0.010 அங்குலம் குறைவு. குழிவான அடி உள்ள குண்டு 0.001 அல்லது 0.002 குறைவு, கோலின் கனத்திலேயே இறங்க வேண்டும், ஆனால் குழலைக் கவிழ்த்தால் விழக்கூடாது.

7. ஈயம், துணி, மசகு

குண்டை வீட்டில் வார்க்க வேண்டாம். துப்பாக்கிக்குப் போடும் குண்டு, தோட்டா போன்றவற்றுக்கு ஆயுதச் சட்டம் தரும் வரையறைக்குள் அவற்றின் பாகங்களும் அவற்றைச் செய்யும் கருவிகளும் அடங்கும். அச்சுக்கட்டை வாங்கி அடுப்பங்கரையில் உட்காருவது உரிமத்துக்கே உலை வைக்கும். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு வியர்வை விழுந்தாலும் அது தெறிக்கும். ஆவி பிள்ளைகளின் உடம்புக்கு ஆகாது. உரிமம் பெற்றவரிடம் உங்கள் அளவைத் தாளில் எழுதிக்கொடுத்து வாங்குங்கள்.

வாங்கியதைச் சோதிக்க இரண்டு வழி. முதலாவது, நகம். தூய ஈயத்தில் நகம் பதியும். வலைக்குக் கட்டும் பழைய ஈயக் குண்டுகளையும் பேட்டரி ஈயத்தையும் உருக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கலப்பு கடினமானது. துணி சுற்றிய உருண்டைக்குப் பரவாயில்லை, குழிவான அடி உள்ள குண்டுக்கு ஆகாது. ஓரம் விரியாது, வரியைப் பிடிக்காது. இரண்டாவது, எடை. தெரிந்த நகைக்கடையில் தராசு கேளுங்கள். 0.490 அங்குலத் தூய ஈய உருண்டை 11.45 கிராம் இருக்க வேண்டும், 0.570 என்றால் 18 கிராம். விட்டம் சரியாக இருந்தும் எல்லாமே எடை குறைந்தால் கலப்பு. ஒன்றிரண்டு மட்டும் குறைந்தால் உள்ளே காற்றுக்குமிழி, அவற்றை ஒதுக்கிவிடுங்கள்.

துணிக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை. இலவம்பஞ்சு மெத்தைக்குப் போடும் கோடு போட்ட கெட்டித் துணி இதற்கென்றே நெய்ததுபோல் இருக்கும். பரமக்குடிப் பக்கம் கைத்தறிப் பருத்தியும் கிடைக்கும். சேலைத் துணி மெல்லிசு, கொஞ்சம் கெட்டியானதாகப் பாருங்கள். 0.010 முதல் 0.020 அங்குலத் தடிமன் வேண்டும், வெர்னியரால் அழுத்திப் பிடித்து அளந்தது. வாங்கும் முன் ஒரு நூலைக் கொளுத்துங்கள். சாம்பலானால் பருத்தி, உருகி மணியானால் பாலியஸ்டர் கலப்பு, குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும் துவைத்துக் கஞ்சியைப் போக்குங்கள்.

மசகுக்குத் தேங்காய் எண்ணெயோடு தேன்மெழுகு. வெறும் தேங்காய் எண்ணெய் நம் ஊர் வெயிலில் உறையவே உறையாது. துணியிலிருந்து வழிந்து மருந்தை நனைக்கும். மெழுகைக் கூட்டிக் களிம்பாக்குங்கள். எஞ்சின் கிரீஸ் வேண்டாம், கருமருந்துக் கரியோடு சேர்ந்து தாராக இறுகும்.

8. தளத்தில்

நேரம்தான் பாதி வெற்றி. கச்சான் காற்று வீசும் ஜூன் முதல் செப்டம்பர் வரை உருண்டைக் குண்டைச் சோதிக்காதீர்கள். அது காற்றுக்கு எளிதில் வளைந்துகொடுக்கும், குற்றம் குண்டிலா காற்றிலா என்று தெரியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. பிப்ரவரி, மார்ச் மாதங்களில் விடிகாலை நல்லது.

கருமருந்து மட்டும். புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூடக் கூடாது. பழைய இரும்பு பிளந்துவிடும். அளவைக் குழலைச் சோதித்த பழுதுபார்ப்பவரிடம் கேட்டு, அவர் சொல்லும் குறைந்த அளவில் தொடங்குங்கள். குண்டு மருந்தின் மேல் முழுதாக உட்கார வேண்டும். பாதி வழியில் நின்றால் இடைவெளியில் குழல் வீங்கும், வெடிக்கும். முதல் முறை சரியாகக் கெட்டித்ததும் வாய் மட்டத்தில் கோலில் குறி வைத்துவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் கண்ணாலேயே சரிபார்க்கலாம்.

ஐம்பது மீட்டரில், மணல்மூட்டையில் தாங்கி, ஒரே குண்டு, ஒரே துணி, ஒரே மருந்தளவில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு "இப்போது நன்றாக இருக்கிறது" என்று சொல்கிறவர்களுக்கு எது நன்றாக்கியது என்று தெரியாது.

இலக்கு அட்டையைப் பாருங்கள். ஓட்டை வட்டமாக இருந்தால் குண்டு நேராகப் போகிறது. சாவித்துளைபோல் நீண்டிருந்தால் குண்டு கவிழ்ந்துகொண்டு போகிறது: உங்கள் முறுக்குக்கு அது நெட்டை. மருந்தைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். குட்டையான குண்டுக்கு மாறுங்கள்.

உருண்டை என்றால் முன்னால் விழுந்த துணிகளைப் பொறுக்கி எடுங்கள். நடுவில் கரி வட்டமும் ஓரத்தில் வரியின் தடமும் இருந்து, முழுதாக இருந்தால் பொருத்தம் சரி. நடுவில் எரிந்து ஓட்டையானால் துணி மெல்லிசு அல்லது மசகு போதவில்லை. சீரான இடைவெளியில் கீறியிருந்தால் குழல் வாயின் விளிம்பு கூர்மையாக இருக்கிறது. பழுதுபார்ப்பவர் மழுக்கித் தருவார். நார்நாராகக் கிழிந்திருந்தால் முறுக்குக்கு மருந்து அதிகம், துணி வழுக்கியிருக்கிறது. அட்டையைவிட இந்தத் துணித்துண்டுகள் அதிகம் பேசும். பலர் அவற்றை மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

9. அன்று மாலையே கழுவுங்கள்

கருமருந்துக் கரி காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் காற்றில் ஈரத்தோடு உப்பும் இருக்கிறது. ஒரு ராத்திரி விட்டால் பள்ளத்தின் ஓரத்தில் துரு பூக்கும். நீங்கள் அளந்த விட்டம் அடுத்த ஆண்டு வேறாக இருக்கும்.

கொதிக்கும் நீர் போதும், ஆனால் கிணற்று நீரோ போர்த் தண்ணீரோ வேண்டாம். இந்தக் கரையில் அது உப்பு. காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் ஊர் என்றால் அது, இல்லையென்றால் கேன் தண்ணீர். கரி வருவது நிற்கும்வரை கழுவி, உலர்ந்த துணி வெள்ளையாக வரும்வரை துடைத்து, சூடு ஆறும் முன் எண்ணெய் பூசுங்கள். மறுநாள் ஒரு முறை வெள்ளைத் துணி விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மீண்டும் முதலிலிருந்து. வாடைக் காலத்தில் சுடாமல் வைத்திருந்தாலும் வாரம் ஒரு முறை துணி விட்டுப் பார்க்க வேண்டும், உறைக்குள் போட்டு வைக்கக் கூடாது. தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அடுத்த முறை கெட்டிக்கும் முன் உள்ளிருக்கும் எண்ணெயை முழுதும் துடைத்தெடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மருந்து நனைந்து வெடிக்காமல் கிடக்கும்.